ஏரிப் படகின் டிரான்சம் அழுகினால்

ஃபைபர் படகு என்று பெயர்தான். பழைய மோட்டார் படகுகளில் எஞ்சினைத் தாங்கி நிற்பது மரம். படகின் பின்பக்கம் நிமிர்ந்திருக்கும் சுவரை டிரான்சம் என்கிறோம், பின்பலகை என்றாலும் எல்லோருக்கும் புரியும். வெளியே 4, 5 மி.மீ. ஃபைபர் தோல், உள்ளே 3, 4 மி.மீ. ஃபைபர் தோல், நடுவில் 36 முதல் 38 மி.மீ. பிளைவுட். ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ள 25 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் இந்த மூன்றையும் கவ்விக்கொண்டு தொங்குகிறது. படகு முன்னால் ஓடும்போது புரொப்பெல்லர் கீழிருந்து தள்ளும், எஞ்சினைப் பலகையோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டின் மேல் போல்ட்டுகள் பலகையைப் பின்னால் இழுக்கும். கடப்பாரை போட்டு நெம்புவது போன்ற விசை அது. அதை வாங்கிக்கொள்வது நடுவில் இருக்கும் மரம்தான். மரம் ஊறிப் போய்விட்டால் இரண்டு ஃபைபர் தோலும் சேர்ந்து அட்டைப்பெட்டி அளவுக்குத்தான் தாங்கும்.

ஏற்காடு ஏரியிலும் மேட்டூர் அணையிலும் உப்புத் தண்ணீர் இல்லை, அதனால் படகு கடலோரத்தைவிட அதிகநாள் உழைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். எஞ்சினுக்கு அது உண்மை. மரத்துக்கு நேர்மாறு. மரத்தைத் தின்னும் பூஞ்சையை உப்பு ஓரளவு அடக்கி வைக்கும். நல்ல தண்ணீரில், அதிலும் மழைத் தண்ணீரில், அந்தத் தடை கிடையாது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் பூஞ்சை வளராது. ஆனால் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே அடைபட்ட பிளைவுட்டில் ஒருமுறை தண்ணீர் இறங்கிவிட்டால் அது காய்வதற்கு வழியே இல்லை. மேட்டூரில் தண்ணீர் இறங்கும் மாதங்களில் படகைச் சரிவான கரையில் அப்படியே விட்டுவிடுவார்கள். பின்பக்கம் பள்ளத்தில் இருக்கும், பெய்த மழையெல்லாம் டிரான்சம் அடியில் தேங்கும். ஏற்காட்டில் தேங்கிய தண்ணீரை மூடுபனி காயவே விடாது.

தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதைப் பழைய பலகையே காட்டிக்கொடுக்கும். பிரித்தெடுத்த மரத்தை நீளவாக்கில் அறுத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் டீ கறை மாதிரி ஒரு வளையம் இருக்கும். வளையத்தின் நடுவில் மரம் கறுத்து, விரலால் தேய்த்தால் காபிச் சக்கை மாதிரி உதிரும். தண்ணீர் வெளியேற்றும் துளையைச் சுற்றி அந்தக் கறை உள்ளங்கை அகலம் இருக்கும். பெயர்ப்பலகை அடித்த நான்கு சின்னத் திருகாணிகளுக்கும் நான்கு கறை. மேல் விளிம்பில் அலுமினியச் சேனல் போட்டிருந்தால் அதன் ஒவ்வொரு திருகாணியிலிருந்தும் ஒரு கோடு கீழே வழிந்திருக்கும். துளையில்லாத இடத்தில் அதே பலகை, அதே வயது, நிறம்கூட மாறாமல் இருக்கும். இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் போதும். மரத்தை மாற்றுவது பாதி வேலை. துளைகளை மரத்திலிருந்து பிரித்து வைப்பது மீதிப் பாதி.

கெட்டுவிட்டதா என்று பார்ப்பது

எஞ்சினைப் பாதி தூக்கிய நிலையில் அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். இன்னொருவர் டிரான்சத்தின் மேல் விளிம்பில் கை வைத்திருக்கட்டும். நல்ல பலகை என்றால் படகு முழுவதும் சேர்ந்து ஆடும். அழுகிய பலகை என்றால் விளிம்பு மட்டும் முன்னும் பின்னும் போய்வரும். அடுத்து, பிராக்கெட் உட்காரும் இடம் உள்வாங்கியிருக்கிறதா, டிரான்சமும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் ஜெல் கோட் என்னும் பளபளப்பான மேல்பூச்சு முடிமுடியாக வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு கொட்டாப்புளியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கூர்மையாகச் சொல்லும். அழுகிய இடம் ‘தொப்’ என்று விழுங்கும். சத்தம் மாறும் இடத்தை மார்க்கரால் வட்டமிட்டு, உட்பக்கத்திலிருந்து 5 மி.மீ. டிரில்லால் 25 மி.மீ. ஆழத்துக்கு நாலைந்து துளை போடுங்கள். வெளித்தோலைத் தாண்டக் கூடாது என்பதால் டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளுத்த, காய்ந்த சுருள் வந்தால் நல்லது. கறுத்து, கையில் ஒட்டி, மழையில் நனைந்த கோணி நாற்றம் வந்தால் முடிவு தெரிந்துவிட்டது. சோதனைத் துளைகளில் தண்ணீர் ஒழுகவே ஆரம்பிக்கும் படகுகளும் உண்டு.

இந்த இடத்தில்தான் குறுக்குவழி ஆசை வரும். துளை போட்டு எபாக்ஸி என்ற ஒட்டு ரெசினை ஊசியால் ஏற்றலாம், உள்ளும் வெளியும் அலுமினியத் தகடு வைத்து இறுக்கலாம் என்பார்கள். ஊறிய மரத்தில் ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருக்கிறது, எபாக்ஸிக்கு அங்கே இடமில்லை. துளையைச் சுற்றி ஒரு கட்டியாக நின்றுவிடும். தகடு இன்னும் மோசம், அழுகலை மறைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓடும். ஆள் ஏற்றிப் போகும் படகில் இந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம். எஞ்சின் பிய்த்துக்கொண்டு போகும்போது படகில் ஒரு பெரிய பொத்தலும் சேர்ந்தே விழும். மரத்தை மாற்றும்வரை படகைக் கரையில் வைப்பதுதான் சரி.

எங்கே, எப்போது செய்வது

பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இந்த வேலைக்கென்றே வந்தவை. மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கு முன் படகு தண்ணீரில் இறங்கிவிடும். கடைசி நேரத்தில் ஏப்ரல் இறுதியில் ஆரம்பித்தால் கோடை மழை பிடித்துக்கொள்ளும்.

இடம் மலை மேலா, கீழே சேலத்திலா என்பது பெரிய கேள்வி. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். காலை ஒன்பது மணிவரை பனி சொட்டும், குளிர்கால இரவில் ஃபைபரைப் பிடித்து இறுக வேண்டிய ரெசின் இறுகாமல் கிடக்கும். 15 டிகிரிக்குக் கீழே பாலியெஸ்டர் ரெசின் ஏறக்குறைய தூங்கிவிடும். ஈரக் காற்றில் இறுகும் எபாக்ஸி மேல் சோப்பு மாதிரி வழவழப்பான ஒரு படலம் வரும். அதன் மேல் அப்படியே அடுத்த அடுக்கு போட்டால் ஒட்டாமல் உரிந்து வந்துவிடும். சேலத்தில் தொல்லை வேறு மாதிரி. ஏப்ரலில் 38, 40 டிகிரி. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ரெசின் இறுகும் நேரம் ஏறத்தாழ பாதியாகும். 25 டிகிரியில் அரை மணி நேரம் கிடைக்கும் கலவை அங்கே பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கப்பிலேயே புகைய ஆரம்பிக்கும்.

இரண்டில் எங்கள் தேர்வு சேலம். சூட்டை அதிகாலையிலும் மாலையிலும் வேலை செய்து சமாளித்துவிடலாம், பனியைச் சமாளிக்க முடியாது. படகைக் கீழே இறக்குவதென்றால் எஞ்சினைக் கழற்றித் தனி வண்டியில் கொண்டு வாருங்கள். அழுகிய டிரான்சத்தில் எஞ்சினைத் தொங்கவிட்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால், ஒவ்வொரு குலுக்கலும் அந்த மரத்தை நெம்பும். மேலேயே செய்துதான் ஆக வேண்டும் என்றால் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, உள்ளே மஞ்சள் பல்பு எரியவிட்டு, காலை பத்துக்கு மேல் மாலை நான்கு மணிக்குள் ரெசின் வேலையை முடிக்க வேண்டும். ஏரிக்கரையில் வைத்து கிரைண்டர் ஓட்ட வேண்டாம். அந்தத் தூசு தண்ணீரில் கலந்தால் திரும்ப எடுக்க முடியாது.

அறுப்பதற்கு முன்

டிரான்சம் இல்லாத படகு, மூடி கழன்ற பெட்டி. பக்கச் சுவர்கள் விரியும், அடிப்பகுதி தொய்யும். அதனால் படகைச் சமதளத்தில் வைத்து, அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் அடித்தண்டுக்கு மூன்று இடத்திலும் பின் மூலைகளுக்கு ஒவ்வொரு முட்டும் கொடுத்து, ரசமட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். பின்னாலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இரண்டு பக்க விளிம்பையும் இணைத்து ஒரு ரீப்பரைக் குறுக்கே திருகி விடுங்கள். வேலை முடியும்வரை அதைத் தொடக் கூடாது.

அளவுகளைக் கழற்றிய பிறகு நினைவிலிருந்து எழுத முடியாது. மேல் விளிம்பின் நடுவிலிருந்து அடித்தண்டு வரை உயரம், பலகையின் சாய்வுக் கோணம், மொத்தத் தடிமன் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் துளைகளின் இடத்தை 6 மி.மீ. பிளைவுட்டில் அச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். கால் குட்டையான ஷார்ட் ஷாஃப்ட் எஞ்சினுக்கு டிரான்சம் உயரம் 15 அங்குலம், கால் நீண்ட லாங் ஷாஃப்ட்டுக்கு 20 அங்குலம். புதுப் பலகை ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிட்டால் வளைவில் புரொப்பெல்லர் காற்றைக் குடித்துச் சும்மா சுற்றும். தடிமன் கூடினால் சின்ன எஞ்சின்களின் கவ்வி அதில் உட்காரவே உட்காராது.

திறப்பது

வெளித்தோலை வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து திறப்பதே நல்லது. படகின் வடிவமும் ஜெல் கோட்டும் வெளித்தோலில்தான் இருக்கின்றன. பின்பக்கத்தில் எஞ்சின் தொட்டியோ மேல்தளமோ மறித்தால் அதை முதலில் கழற்ற வேண்டியிருக்கும்.

4 அங்குல கிரைண்டரில் டைமண்ட் பிளேடு போட்டு, மூலையிலிருந்து 40 மி.மீ. உள்ளே தள்ளி, உள்தோலின் தடிமன் அளவுக்கு மட்டும் அறுங்கள். மூலையை ஒட்டி அறுத்தால் பிளேடு பக்கச் சுவரையோ அடிப்பகுதியையோ கடித்துவிடும். கண்ணாடி, முழுக்கை சட்டை, தூசுக்கு என்-95 முகக்கவசம் கட்டாயம். ரெசின் வாடையை அந்தக் கவசம் தடுக்காது, அதற்குக் கார்பன் கேட்ரிட்ஜ் உள்ள முகமூடி தனி. உடம்பில் ஒட்டிய ஃபைபர் தூளைத் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

நெம்பினால் உள்தோல் ஒரே தகடாக வந்துவிடும். நன்றாக ஊறிய மரம் கையாலேயே அடுக்கடுக்காக உரியும். கஷ்டம் கொடுப்பது மிச்சமிருக்கும் நல்ல மரம். அது வெளித்தோலை விடாது, அகலமான உளியைத் தட்டையாகப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். ஆத்திரப்பட்டு அடித்தால் உளி வெளித்தோலைக் கிழித்து மறுபக்கம் வந்துவிடும். ‘இந்த மூலை நல்லாத்தானே இருக்கு, விட்ருவோம்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். பாதி பழையது, பாதி புதியது என்று ஒட்டுப்போட்ட டிரான்சம் அந்த ஒட்டில்தான் விடும்.

மரம் போன பிறகு ஓரத்தில் நிற்கும் 40 மி.மீ. உதட்டையும் தேய்த்து எடுத்துவிட்டு, 40 நம்பர் உப்புத்தாள் டிஸ்க்கால் வெளித்தோலின் உட்புறத்தைப் பழுப்பு நிறம் போய் வெளிறும்வரை தேயுங்கள். பக்கச் சுவரிலும் அடியிலும் 15, 20 செ.மீ. அகலத்துக்குப் பெயின்ட், ஜெல் கோட் எதுவும் இல்லாமல் வெறும் ஃபைபர் தெரிய வேண்டும். அங்கே மிச்சமிருக்கும் பழைய அடுக்கின் முனையை 4 மி.மீ. தடிமனுக்கு 50 மி.மீ. என்ற கணக்கில் சரிவாக இழையுங்கள். அப்படியே அடியில் ஓடும் நீளக் கட்டைகளின் முனையையும் உளியால் குத்திப் பாருங்கள். டிரான்சம் அழுகினால் அந்தக் கட்டைகளும் ஓர் அடி, இரண்டடி வரை சேர்ந்து போயிருப்பது வழக்கம். காய்ந்த மரம் தட்டுப்படும்வரை அறுத்து, அதையும் மாற்றியாக வேண்டும்.

பிறகு காய விடுங்கள். ஒரு வாரம் மின்விசிறிக் காற்று படட்டும். ஓர் அடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் அடித்து ராத்திரி முழுக்க ஒட்டி வைத்து, காலையில் உட்பக்கம் வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள். வியர்த்திருந்தால் இன்னும் நாள் இருக்கிறது.

மரமும் ரெசினும்

‘தேக்கு போட்டரலாங்ணா, ஆயுசுக்கும் நிக்கும்’ என்று தச்சர் சொல்வார். வீட்டுக் கதவுக்கு அது சரியான பேச்சு. தேக்கில் இயற்கையாக எண்ணெய் இருப்பதால் ரெசின் பிடிப்பு குறையும். எந்த மரமானாலும் முழுப் பலகை ஈரத்துக்கு ஈரம் அகலவாக்கில் விரிந்து சுருங்கும், அந்த அசைவு ஃபைபர் ஒட்டைப் பிரிக்கும். இங்கே வேண்டியது பிளைவுட்தான். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட் வாங்குங்கள். கடையில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று காட்டும் ஐ.எஸ். 303 ரகம் சமையலறை அலமாரிக்குப் போதும், படகுக்குப் போதாது. 710 ரகத்தின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடித் துண்டை அறுத்து நாள் முழுக்கக் கொதிக்க விடுங்கள், போலி அதற்குள்ளேயே அடுக்கு விட்டுவிடும். அறுத்த விளிம்பையும் பாருங்கள். நடு அடுக்குகளில் இடைவெளி இருந்தால் அந்தப் பலகை வேண்டாம். அந்த இடைவெளிதான் நாளைக்குத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்.

ரெசினில் எங்கள் கருத்து உறுதியானது. மரத்தைத் தொடும் எல்லா வேலைக்கும் எபாக்ஸி. சேலத்தில் ஃபைபர் கதவு, தொட்டி செய்யும் பட்டறைகளில் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஃபைபர் மேல் ஃபைபர் ஒட்ட அது நன்றாக உழைக்கும். மரத்தில் அதன் பிடி பலவீனம், அதிர்ச்சியில் வெடித்துத் தண்ணீருக்கு வழிவிடும். பழைய டிரான்சங்கள் இப்படிப் போனதில் பாதிக் காரணம் அதுதான். எபாக்ஸி எடுக்கும்போது மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். தரைக்கு ஊற்றும் எபாக்ஸி வேறு சரக்கு, அதை வாங்காதீர்கள். ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் டப்பாவில் போட்ட விகிதப்படி தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும். 100 கிராமுக்கு 10 கிராம் என்றால் 10தான், சீக்கிரம் இறுகட்டும் என்று 15 ஊற்றினால் கடைசிவரை ரப்பர் மாதிரி கிடக்கும். மூன்றாவது, பட்டறைகளில் புழங்கும் துண்டு துண்டான இழைகளால் ஆன ‘மேட்’ விரிப்பை எபாக்ஸியோடு போடாதீர்கள். அதைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் கரையாமல் விறைப்பாக நிற்கும். சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள பைஆக்சியல் துணி (இழைகள் இரண்டு திசையில் ஓடும் ஃபைபர் துணி) அல்லது நெய்த ஃபைபர் துணி வாங்குங்கள்.

பாலியெஸ்டர்தான் கையில் இருக்கிறது, ஃபைபர் அடுக்குக்கு அதையே போடுகிறோம் என்பவர்கள் தண்ணீரை நன்றாகத் தாங்கும் ஐசோ ரக பாலியெஸ்டர் ரெசின் கேட்டு வாங்கட்டும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே, இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டும் நேரடியாக ஒன்றோடொன்று பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு புட்டிகளையும் ஒரே அலமாரியில்கூட வைக்க வேண்டாம். எபாக்ஸி இறுகிய பரப்பின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

1.4 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் உள்ள டிரான்சத்துக்கு எட்டுக்கு நாலு பிளைவுட் 18 அல்லது 19 மி.மீ. ஒன்று போதும், இரண்டு அடுக்கு வெட்டியும் மிச்சம் வரும். எபாக்ஸி 8 கிலோ. மரத்துக்குப் பூச ஒரு கிலோ, இரண்டு பலகையை ஒட்ட முக்கால் கிலோவுக்கு மேல், வெளித்தோலில் பதிக்க ஒன்றரை கிலோ சொச்சம், மூலை பூச அரைக் கிலோ, துணி அடுக்குக்கு மூன்று கிலோ, சேதாரம் மீதி. துணி 6 சதுர மீட்டர். கெட்டியாக்க ஏரோசில் பவுடர் அரைக் கிலோ வாங்கினால் மிஞ்சும்.

பலகையைப் பதிப்பது

அட்டையில் அச்சு வெட்டி, வைத்துப் பார்த்துத் திருத்தி, அதன்படி பிளைவுட்டை அறுங்கள். சுற்றிலும் 4, 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இறுக்கிப் பொருத்திய பலகை பக்கச் சுவரைக் குத்திக்கொண்டே இருக்கும், வெளியே ஒரு கோடு தெரியும். முதலாவது பலகையில் 15 செ.மீ.க்கு ஒன்றாக 6 மி.மீ. துளைகள் போடுங்கள். அடைபட்ட காற்றும் உபரிப் பசையும் அவற்றின் வழியே வெளியேறும்.

மரத்துக்கு எபாக்ஸி பூசும் நேரம் முக்கியம். காலை வெயிலில் பூசினால் மரம் சூடேற ஏற உள்ளே இருக்கும் காற்று விரிந்து, பூச்செங்கும் குமிழி குமிழியாக வரும். பலகையை மதியம்வரை வெயிலில் வைத்துச் சூடேற்றி, நான்கு மணிக்கு நிழலுக்குக் கொண்டுவந்து பூசுங்கள். ஆற ஆற மரம் எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். முகத்துக்கு இரண்டு கை, விளிம்புக்கு மூன்று கை. விளிம்பு குடித்துக்கொண்டே இருக்கும், நிறுத்தும்வரை கொடுங்கள்.

வெளித்தோலில் எஞ்சினுக்குத் தேவைப்படாத பழைய துளைகள் எல்லாவற்றையும் உட்பக்கம் குழித்துத் துணி வைத்து அடைத்துவிடுங்கள். பிறகு வெறும் எபாக்ஸியை ஒரு கை தடவி, அதன் மேல் ஏரோசில் கலந்த எபாக்ஸி. பதம் வடை மாவு. கரணையில் எடுத்துச் செங்குத்தாகப் பிடித்தால் வழியக் கூடாது. பல் வைத்த கரணையால் 6 மி.மீ. வரி வரியாக இழுத்து, பலகையை அடியிலிருந்து சாய்த்து மெல்ல அழுத்துங்கள். எஞ்சின் துளைகளில் செலோ டேப் சுற்றிய போல்ட்டைச் செருகி, வெளியே பாலிதீன் விரித்த ரீப்பர் கட்டைகளை வைத்து இறுக்குங்கள். அவை வெளித்தோலை நேராகப் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் பசை ஒரே சீராகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். மேலும் இறுக்கினால் நடுவில் பசையே மிஞ்சாது. இரண்டாவது பலகையை அதே நாளிலோ மறுநாள் தேய்த்தோ ஒட்டலாம்.

ஒரே கப்பில் அரைக் கிலோ கலக்க வேண்டாம். 200, 250 கிராமாகக் கலந்து, உடனே அகலத் தட்டில் ஊற்றி வைத்தால் வேலை செய்யக் கூடுதல் நேரம் கிடைக்கும். குவியலாக நின்றால்தான் சூடேறும்.

மேல் விளிம்பை ரூட்டராலோ அரத்தாலோ 10 மி.மீ. உருட்டி விடுங்கள். கூர் விளிம்பில் துணி மடியாது, காற்று நிற்கும். மூலைகளில் வடை மாவுப் பதத்தை 25 மி.மீ. ஆரத்துக்கு வளைவாகப் பூசுங்கள், ஒரு பழைய பிளாஸ்டிக் டம்ளரின் அடி அதற்குச் சரியான கருவி. அது கெட்டியாகிவரும்போதே துணியைப் போட வேண்டும். முதல் அடுக்கு பக்கச் சுவரில் 75 மி.மீ., அடுத்தது 100, பிறகு 125, கடைசி 150 என்று படிப்படியாக ஏற வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தால் அந்தக் கோட்டில்தான் விரிசல் விடும். துணி நனைந்து கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிய வேண்டும். வெளுப்பு தெரிந்தால் ரெசின் போதவில்லை, குளமாக நின்றால் கூடிவிட்டது, இரும்பு ரோலரால் உருட்டி எடுங்கள். நான்கு அடுக்கில் ஏறத்தாழ 3 மி.மீ. வரும். பழைய உள்தோல் அதைவிடத் தடிமன் என்றால் இன்னொன்று போடுங்கள். மேல் விளிம்பையும் சுற்றி மூடி வெளித்தோலோடு சேர்த்துவிட வேண்டும்.

இடையில் ஒரு ராத்திரி கடந்தால், மறுநாள் காலையில் தேய்ப்பதற்கு முன் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவுங்கள். முன்னால் சொன்ன வழவழப்புப் படலம் தண்ணீரில் போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அதைப் பரப்பு முழுக்கத் தேய்த்து ஏற்றுவதாகத்தான் ஆகும்.

துளைகள்

இவ்வளவு செய்த பிறகு, 12 மி.மீ. டிரில்லை எடுத்து மரத்தில் நேராகத் துளை போட்டு போல்ட்டை முடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் முழு வேலையும் பழைய நிலைக்குப் போய்விடுகிறது. எபாக்ஸி பூசிய முகம், மூடிய விளிம்பு எல்லாம் இருந்தும் துளைக்குள் வெறும் மரம்.

12 மி.மீ. போல்ட்டுக்கு 20 மி.மீ. துளை போடுங்கள். வெளிப்பக்கம் டேப் ஒட்டி அடைத்து, துளையின் உட்சுவரில் வெறும் எபாக்ஸியை பிரஷ்ஷால் தடவுங்கள். அது மரத்துக்குள் ஊற ஐந்து நிமிடம் விட்டு, கெட்டியான எபாக்ஸியால் குமிழியில்லாமல் நிரப்புங்கள். நன்றாக இறுகியதும், முதலில் எடுத்த அச்சை வைத்து நடுவில் 12.5 மி.மீ. துளை போடுங்கள். இப்போது போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 4 மி.மீ. எபாக்ஸிக் குழாய் நிற்கிறது. நாளைக்கு போல்ட்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் சீலன்ட் பசை விட்டுப்போய்த் தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. போல்ட் இறுக்கத்தில் மரம் நசுங்குவதையும் இதே குழாய் தாங்கிக்கொள்ளும்.

தண்ணீர் வெளியேற்றும் துளைக்கும் இதே முறை. 25 மி.மீ. குழாய் என்றால் 38 மி.மீ. ஹோல்சா (வட்டமாக அறுக்கும் ரம்பம்) போட்டு நிரப்பித் திரும்பத் துளைக்க வேண்டும். மிகவும் கெடும் இடம் இது. குழாயின் விளிம்பைப் பிடிக்கும் சின்னத் திருகாணிகளுக்குக்கூட 10 மி.மீ. துளை, நிரப்பு, மறுதுளை. பொறுமை சோதிக்கும் வேலைதான், ஆனால் ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும்.

சீலன்ட் பாலியூரிதேன் ரகம் வாங்குங்கள். குளியலறை சிலிக்கான் வேண்டாம். அது உரிந்துவரும், அது பட்ட இடத்தில் பின்னால் பெயின்ட்டும் பிடிக்காது, எபாக்ஸியும் பிடிக்காது. போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நன்னீருக்கு 304 ரகம் போதும். உட்பக்கம் சின்ன வாஷருக்குப் பதில் 5 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை நான்கு போல்ட்டுக்கும் பொதுவாக வையுங்கள்.

பெயர்ப்பலகை, பதிவு எண், ஏணி, கொடிக்கம்பம் இவற்றையெல்லாம் பழைய இடத்திலேயே திருகிவிடும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். எண்ணைப் பெயின்ட்டில் எழுதலாம். பலகையைப் பசை போட்டு ஒட்டலாம். ஏணிக்குத் துளை தேவை என்றால் முன்சொன்ன முறைப்படி போடுங்கள். டிரான்சத்தில் ஒரு துளை குறைந்தால் ஒரு கறை குறையும்.

எஞ்சினை ஏற்றும் முன்

ஒரு வாரம் இறுக விடுங்கள், மலை மேல் குளிர்நாளில் இரண்டு வாரம். எபாக்ஸிக்கு வெயில் ஆகாது, பெயின்ட் கட்டாயம். பாலியெஸ்டர் ஜெல் கோட்டை அதன் மேல் நம்ப முடியாது என்பதால் இரண்டு பாக பாலியூரிதேன் பெயின்ட் இரண்டு கை அடிப்பது நல்லது.

எஞ்சினைச் செயின் பிளாக்கில் தூக்கி இறக்கி, எல்லா போல்ட்டையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். சீலன்ட் முழுவதும் பிதுங்கி வெளியேறும் அளவுக்கு முதல்நாளே இறுக்காமல், அது இறுகிய மறுநாள் அரைச் சுற்று கூடுதல் கொடுக்க வேண்டும். நட்டைத்தான் சுற்ற வேண்டும். போல்ட் தலை சுற்றினால் சீலன்ட் அறுந்துவிடும். எஞ்சினையும் படகையும் இணைத்து ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள். ஆள் ஏற்றாமல் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, கரைக்கு வந்ததும் நட்டுகளைத் திரும்பச் சோதியுங்கள். மூலையில் பூசிய வளைவின் மேல் கை வைத்து, முடியிழை விரிசல் ஏதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அன்று மாலை படகைக் கரையேற்றும்போது முன்பக்கத்தை ஒரு செங்கல் உயரம் தூக்கி வைத்து, தண்ணீர்த் துளையின் மூடியைக் கழற்றி சாவிக்கொத்தோடு கட்டித் தொங்கவிடுங்கள். மூடி சாவியோடு இருந்தால் அடுத்தநாள் அதை மாட்டாமல் யாரும் எஞ்சினை எடுக்க மாட்டார்கள், ராத்திரி பெய்யும் மழையும் பின்பலகை அடியில் நிற்காது.